அப்புவின் தலையை ஸ்கான் எடுக்கலாமோ, பிள்ளை?

வயதும் மதுவும் சேர்ந்து மூளையை என்ன செய்கின்றன என்று எம்.ஆர்.ஐ. படங்களில் அளப்பது என் தொழில். ஊர் வன்னியில் முள்ளியவளை, வேலை வெளிநாட்டில். விடுமுறையில் வீட்டுக்கு வந்தால் விறாந்தையில் வந்து இருக்கிற சனத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "அப்புவுக்கு அறுபத்தெட்டாகுது. பொழுதுபட்டால் குடியாமல் இரார். இப்ப மறதியும் தள்ளாட்டமும். ஒருக்காக் கொழும்புக்குக் கொண்டுபோய்த் தலையை ஸ்கான் எடுப்பமோ, பிள்ளை?"

நான் மருந்து எழுதுகிற டொக்டர் இல்லை. அதை முதலே சொல்லிவிடுவேன். பிறகு சொல்வதும் அநேகமாக ஒன்றுதான்: முதலில் கிளினிக்கில் காட்டுங்கோ, ஸ்கான் வேணுமோ என்று அவர்கள் சொல்லட்டும், அதுவரைக்கும் வான் பிடிக்கிற காசை வைத்திருங்கோ. இத்தனை வருடமாகப் படங்களோடு மாரடித்ததில் எனக்குத் தெரிந்த உருப்படியான விசயங்களில் பெரும்பங்கை, படம் எடுக்காமலே ஒரு வன்னி வீட்டில் பாவிக்கலாம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்தத் துறைக்கு வர யோசிக்கிற பிள்ளைகளுக்கும் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் காந்தத்தைப் பற்றி. எங்கள் ஆய்வுகூடத்தில் இருப்பது 3 டெஸ்லா இயந்திரம் (டெஸ்லா என்பது காந்தப் புலத்தின் அளவு). பூமியின் காந்தப் புலத்தைவிட ஏறக்குறைய 60,000 மடங்கு. உள்ளே போக முன்னர் எல்லோரும் ஒரு படிவம் நிரப்பவேண்டும்: பேஸ்மேக்கர் வைத்தவரா, வெல்டிங் வேலையில் கண்ணுக்குள் இரும்புத் தூள் பட்டதா, உடம்புக்குள் உலோகத் துண்டு ஏதும் உண்டா. அங்கத்தைய முதியவர்கள் அந்தக் கடைசிக் கேள்விக்கு மளமளவென்று "இல்லை" போட்டுவிட்டுப் போவார்கள். அதே கேள்வியை எங்கள் ஒழுங்கைக்குள் கேட்டுப் பாருங்கள். "முதுகில ரெண்டு, தொடையில ஒண்டு, தலைத்தோலுக்குக் கீழ சின்னன் ஒண்டு கிடக்கு. அது ஒண்டும் செய்யாது, பிள்ளை" என்பார்கள், ஏதோ மச்சத்தைக் காட்டுவதுபோல. செல் (எறிகணை) துண்டு பெரும்பாலும் உருக்கு. காந்தம் அதை இழுக்கும், சூடாக்கவும் கூடும். கண்ணுக்கு, முள்ளந்தண்டுக்கு, பெரிய இரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் கிடந்தால் ஆபத்து. ஆகவே யாராவது எம்.ஆர்.ஐ. எழுதித் தந்தால் துண்டு இருக்கிற கதையை நீங்களாகவே சொல்லுங்கள். கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுக் கதிரியல் டொக்டர் முடிவெடுப்பார். எல்லாத் துண்டும் தடை இல்லை. சி.ரி. ஸ்கானில் காந்தம் கிடையாது, அதற்கு இந்தப் பயம் வேண்டாம்.

என்னைப் போன்றவர்களுக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. செல் துண்டு உள்ளவர், தலையில் அடிபட்டு மயங்கியவர், நீண்ட பட்டினி கிடந்தவர் இவர்களையெல்லாம் வழக்கமான ஆய்வுகள் வாசலிலேயே கழித்துவிடும். கழித்தால்தான் மதுவின் பங்கு எது, மற்றவற்றின் பங்கு எது என்று பிரிக்கலாம். நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தை, போர் முடிந்த 2009 மே மாதத்தைக் கடந்து வந்த ஒரு கிராமத்தில் வைத்தால் ஒப்பிடுவதற்கு ஆளே மிஞ்சமாட்டார். "குடிக்காத, அடிபடாத, இடம்பெயராத அறுபத்தைந்து வயதுக்காரர்" ஒருவரை வன்னிக்குள் தேடிப் பாருங்கள். அதனால் வெளிநாட்டு ஆய்வின் எண்ணை அப்படியே தூக்கி எங்கள் அப்புமாருக்கு ஒட்டக்கூடாது. திசை பொருந்தும். அளவு பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன்.

எங்கள் ஆய்வுக்கு வந்த ஒரு தமிழ் ஐயாவின் கதையையும் சொல்லவேண்டும். கிளிநொச்சிப் பக்கத்துக்காரர், புலம்பெயர்ந்து கனகாலம். உலோகம் இல்லை, படிவம் சுத்தம். முதல் படம் அமைதியாக முடிந்தது. அடுத்தது மூளையின் உட்பக்க வெண்பொருளில் இருக்கிற நரம்பு இழைகளைப் பார்க்கிற வரிசை (ஒவ்வொரு வகைப் படத்தையும் வரிசை என்போம்). அதில் இயந்திரம் விடாமல் டக டக டக என்று அடிக்கும். அரை நிமிடம் ஆகவில்லை, கையில் கொடுத்திருந்த றப்பர்ப் பந்தை அமத்திவிட்டார். வெளியே இழுத்தபோது சேர்ட் நனைந்து உடம்போடு ஒட்டிக்கிடந்தது. "ஐம்பது கலிபர் துவக்குச் சத்தம், பிள்ளை. உதுக்குள்ள நான் இனிப் போகமாட்டன்." அவரை வற்புறுத்தவில்லை. இன்னொரு நாள், அறைக்கு வெளியே, அவர் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு வரிசையின் சத்தத்தையும் ஒலிப்பெருக்கியில் போட்டுக் காட்டினோம். எது எவ்வளவு நேரம் அடிக்கும், எப்போது நிற்கும் என்று முன்னுக்கே சொன்னோம். பிறகு அவராகவே வந்து முழுவதும் எடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு போர் கண்ட நாடுகளிலிருந்து வந்த எல்லோருக்கும் சத்தம்தான் முதல், மேசை பிறகுதான். ஊரில் யாரையாவது ஸ்கானுக்குக் கூட்டிப்போகிறவர்களும் இதைச் செய்யலாம். எம்.ஆர்.ஐ. சத்தம் கைபேசியில் தேடினாலே கிடைக்கும்.

சரி, படத்தில் என்ன தெரிகிறது?

மூளை எல்லோருக்கும் வயதோடு சுருங்கும். அறுபதுக்குப் பிறகு ஆண்டுக்கு அரை வீதம் என்ற அளவில் கனவளவு குறைவது வழமை. நடுவில் இருக்கும் நீரறைகள் அகலும். நீண்டகாலக் குடி இதன்மேல் ஏறி உட்காருகிறது. கலிபோர்னியாவில் அடோல்ஃப் ஃபெஃபர்பாம், எடித் சலிவன் இருவரும் சகாக்களோடு 1992 இல் வெளியிட்ட எம்.ஆர்.ஐ. ஆய்வு இந்தத் துறைக்கு ஒரு அடித்தளம். குடிக்கு அடிமையானவர்களின் மூளைப் பொருள், அந்த வயதுக்கு எதிர்பார்க்கிற அளவைவிடக் குறைந்திருந்தது. வயது ஏற ஏற அந்தப் பள்ளமும் பெருத்தது. அவர்களே 14 ஆண்டுகள் தொடர்ந்து படமெடுத்து 2018 இல் வெளியிட்டதில், அடிமையான 222 பேரும் ஒப்பீட்டுக்கு 199 பேரும் இருந்தார்கள். கூடுதல் அடி நெற்றிப்பக்க மடலுக்குத்தான்: திட்டமிடுகிற, யோசித்து நிதானிக்கிற, "இவ்வளவு போதும்" என்று நிறுத்துகிற பகுதி. குடியை நிறுத்தப் பாவிக்கவேண்டிய பகுதியையே குடி முதலில் தேய்க்கிறது. "மனுசனுக்கு ரோசம் இல்லை" என்று திட்டுகிற வீட்டுக்காரருக்கு இதை நான் விளக்கமாகச் சொல்வதுண்டு. திட்டு குறையுமோ தெரியாது, காரணமாவது விளங்கும்.

அந்த 2018 ஆய்வில் எனக்கு வன்னியை நினைவூட்டியது இன்னொன்று. வயதானவர்களிடம் கண்ட மேலதிகத் தேய்வை, கனகாலம் குடித்ததன் கணக்கு என்று தள்ளிவிட முடியவில்லை. பிந்தி அடிமையானவர்களிடமும் அது இருந்தது. எங்கள் ஊரில் பிந்தித் தொடங்கியவர்கள்தான் எத்தனை பேர்! ஆய்வுகளில் வாழ்நாள் குடியைக் கேட்க ஒரு முறை உண்டு. நாட்காட்டியை முன்னால் வைத்து, திருமணம், வேலை, பிள்ளை பிறந்தது என்று நாட்களைப் பிடித்து, அந்தக் காலத்தில் எவ்வளவு குடித்தீர்கள் என்று கேட்பது. ஊரில் அப்படிக் கேட்டால் "அது ஞாபகமில்லை" என்பார்கள். இடப்பெயர்வுகளைப் பிடித்துக் கேட்டால் அருவி மாதிரி வரும். "95 இல் யாழ்ப்பாணத்துச் சனம் வன்னிக்கு வந்த நேரம்?" "அப்ப கள்ளு மட்டும்தான், அதுவும் பின்னேரத்தில." "ஜெயசிக்குறு சண்டை நேரம்?" "சாராயத்துக்கு எங்க போறது? கசிப்புக் காய்ச்சினா இயக்கம் விடாது." "சமாதான காலம்?" "இடைக்கிடை." "முகாமில?" "அங்க ஒண்டும் இல்லை." "வீட்டுத்திட்டம் கிடைச்சு வந்தாப்பிறகு?" அந்த இடத்தில் கொஞ்சம் பேசாமல் இருப்பார்கள். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு நாளும். ஐம்பத்தைந்தில் தொடங்கியவர் "நான் என்ன, நேற்றுத் தொடங்கினதுதானே" என்று ஆறுதல்பட்டால், படங்கள் அந்த ஆறுதலுக்குச் சாட்சி சொல்லவில்லை. (இதை மனைவிமாரிடமும் தனியாகக் கேளுங்கள். இரண்டு கணக்கும் ஒத்துவராது. நான் மனைவியின் கணக்கைத்தான் நம்புவேன்.)

அளவு என்ற விசயத்தில் சனத்துக்கு இருக்கிற குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். "ஒரு கால் மட்டும்தான்" என்பார்கள். கால் போத்தல் 180 மில்லிலீற்றர். சாராயத்தில் மதுசாரம் 33 வீதம் என்று பிடித்தால் கிட்டத்தட்ட 47 கிராம் மதுசாரம். அமெரிக்கக் கணக்கில் ஒரு குடி என்பது 14 கிராம். அப்படியானால் "ஒரு கால்" மூன்று குடிக்கு மேல். நாளும் ஒரு கால் என்றால் வாரத்துக்கு 23ஐத் தாண்டுகிறது. 65ஐக் கடந்த, மருந்தெடுக்காத, நலமான ஒருவருக்கே வாரத்தில் 7 என்பதுதான் அமெரிக்க மது ஆய்வு நிறுவனம் நெடுங்காலம் சொல்லிவந்த எல்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில், பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்றே சொல்லிவிட்டது. கள்ளு மென்மையானது என்பது உண்மை, ஆனால் புளிக்கப் புளிக்க ஏறும். 5 வீதம் என்று வைத்தால் 750 மில்லிலீற்றர்ப் போத்தலில் இரண்டு குடி இருக்கிறது. கசிப்பு என்கிற கள்ளச்சாராயத்துக்குக் கணக்கே போடமுடியாது. அதுதான் அதில் இருக்கிற முதல் ஆபத்து. இருபது வருடத்துக்கு முந்திய அதே அளவுதான் என்று வாதிடுகிறவர்களுக்கு: வயதானால் உடம்பில் நீர் குறையும், அதே கால் போத்தல் இரத்தத்தில் முன்னையைவிடச் செறிவாக நிற்கும். நீரிழிவுக் குளிசை, பிரசர்க் குளிசை, நித்திரைக் குளிசை எதுவும் இதோடு ஒத்துப்போகாது.

இனி நல்ல செய்தி. இந்தத் தொழிலில் என்னைப் பிடித்து வைத்திருப்பதும் இதுதான். 1978 இல் ரொறன்ரோவில் கார்லனும் சகாக்களும், குடியை விட்டவர்களின் சி.ரி. படங்களில் சுருங்கிய மூளை ஓரளவு மீள்வதைக் காட்டினார்கள். 1995 இல் ஃபெஃபர்பாம் குழு எம்.ஆர்.ஐ. மூலம் விட்டவர்களையும் திரும்பத் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டது. இருவரின் மூளையும் வெவ்வேறு பக்கம் போயிருந்தன. முழுதாகத் திரும்பாது, வயதானவருக்கு மெதுவாகத்தான் திரும்பும், புகைக்கிறவருக்கு இன்னும் மெதுவாக. ஆனால் முதல் வாரங்களிலேயே தொடங்கிவிடுகிறது. "இந்த வயதில விட்டு என்ன காணப்போறன்" என்கிற அப்புவுக்கு நான் சொல்லக்கூடியது இதைவிட வேறில்லை.

ஆனால் எப்படி விடுவது என்பதில் கவனம் வேண்டும். வற்றாப்பளைப் பொங்கலுக்கு நேர்த்தி வைத்து, மடு மாதாவுக்கு நேர்ந்து, அன்றே போத்தலை உடைத்துவிட்டு விடுகிறவர்கள் எங்கள் பக்கம் ஏராளம். மனத் திடத்துக்கு அது நல்லது. அதை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் வருடக்கணக்காக ஒவ்வொரு நாளும் நிறையக் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் உடம்பு சும்மா இராது. முதல் நாளிலேயே கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் ஆள் குழம்பி, இல்லாததைக் கண்டு கத்தலாம். அந்த நேரம் "பேய் பிடிச்சிட்டுது" என்று பூசாரியிடம் கொண்டுபோனவர்களை எனக்குத் தெரியும். அது உயிர் போகிற நிலை. 1990 அம்புலன்சுக்கு எடுங்கள். நேர்த்தியை விட வேண்டாம், நேர்த்தி நாளுக்கு முன்னரே மாவட்ட ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் போய்க் கதையுங்கள். நடுக்கத்துக்கு மருந்து தந்து பாதுகாப்பாக இறக்குவார்கள். போக வெட்கமாக இருந்தால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தில் முதலில் பேசலாம்.

அதோடு விற்றமின் பி1. கார்ல் வேர்னிக்கே 1881 இல் விவரித்த வருத்தம் இன்றைக்கும் படங்களில் வருகிறது: குழப்பம், கண் அசைவில் கோளாறு, தள்ளாட்டம். மூன்றும் ஒன்றாக வருவது குறைவு. ஒன்று வந்தாலே "வெறி" என்று விட்டுவிடுவார்கள். காலையில் குடிக்காமலும் ஆள் தள்ளாடினால் அது வெறி இல்லை. காரணம் பி1 பற்றாக்குறை. குடிக்கிறவர் சோறு தொடமாட்டார், தொட்டாலும் குடல் சரியாக உறிஞ்சாது. தாமதித்தால் நினைவே போய்விடும், அந்தப் பகுதி பிறகு திரும்புவது அரிது. ஆஸ்பத்திரியில் "ஒரு சேலைன் ஏத்திவிடுங்கோ" என்று கேட்கிற பழக்கம் எங்களுக்கு உண்டு. கேட்பதற்கு முன் "இவர் ஒவ்வொரு நாளும் குடிக்கிறவர்" என்று சொல்லுங்கள், மறைக்காதீர்கள். பி1 இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் நிலைமை மோசமாகலாம். வீட்டில் தீட்டின வெள்ளைப் பச்சை அரிசியைவிடப் புழுங்கல் அரிசி நல்லது. நெல்லை அவிக்கும்போது உமிப்பக்கத்தில் இருக்கிற பி1 மணிக்குள் இறங்கிவிடும். மொட்டைக்கறுப்பன் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் சோறு மருந்துக்குப் பதில் ஆகாது.

தள்ளாட்டத்தின் இன்னொரு பங்கு சிறுமூளையில். அதன் நடுப்பகுதி தேய்ந்தவரைக் கண்ணை மூடி நிற்கச் சொன்னால் ஆடுவார். விரல் நுனி எதையாவது தொட்டாலே அந்த ஆட்டம் குறைகிறது. சலிவன் குழு இதை அளந்து காட்டியிருக்கிறது. எனவே இரவில் கிணற்றடிக்கும் கக்கூசுக்கும் போகிற வழியில் ஒரு கயிறு அல்லது மூங்கில் தடி கட்டுங்கள், ஒரு லைற் போடுங்கள். விழுந்தால்தான் பெரிய ஆபத்து. மூளை சுருங்கிய தலையில், வற்றின தேங்காய் சிரட்டைக்குள் ஆடுவதுபோல மூளைக்கு ஆட இடம் கூட. மேலே இழுபட்டிருக்கும் நாளம் சின்ன அடியிலும் கிழிந்து மெல்ல மெல்லக் கசியும். விழுந்து ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துத் தலையிடி, நித்திரைத் தூக்கம், ஒரு பக்கம் பெலவீனம் வந்தால், அப்போது நான் சொல்வது வேறு: உடனே கொண்டுபோங்கள், ஸ்கான் எடுங்கள். அதற்குச் சி.ரி. போதும்.

பிள்ளைகளுக்குச் சொல்வதாக இருந்தது. இந்தத் துறைக்கு மருத்துவபீடம்தான் வழி என்று நினைக்கவேண்டாம். என்னோடு வேலை செய்கிறவர்களில் பௌதிகம் படித்தவர், உளவியல் படித்தவர், கணினி படித்தவர் எல்லோரும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவானது புள்ளிவிபரவியல். அதில் பயம் இருந்தால் முதலில் அதைப் போக்குங்கள். நேரமெல்லாம் கண்டுபிடிப்பில் போவதாகவும் நினைக்கவேண்டாம். பாதிப்பொழுது, நடுங்குகிற கிழவர் அசைந்ததால் மங்கிய படத்தை வைத்துக்கொள்வதா எறிவதா என்று பார்ப்பதில் போகும். தலை அசைந்தால் மூளையின் மேற்பட்டையான சாம்பல்பொருள் உண்மையைவிட மெலிந்ததாக அளவிடப்படும். குடிக்கிறவர்தான் கூட நடுங்குவார். இதைக் கவனிக்காமல் விட்டால் இல்லாத தேய்வைக் கண்டுபிடித்து மாலை போட்டுக்கொள்ளலாம். வருடக்கணக்கான ஆய்வு ஒன்றின் நடுவில் இயந்திரத்தை மாற்றினால் எல்லா மூளையும் ஒரே நாளில் பருத்தோ மெலிந்தோ போகும். இது குடியால் அல்ல, காந்தத்தால். ஆகவே பழைய இயந்திரத்திலும் புதியதிலும் ஒரே ஆட்களை எடுத்து ஒப்பிடாமல் அடுத்த படம் எடுக்காதீர்கள்.

ஸ்கானர் இல்லாமலே தொடங்கலாம். ஓயாசிஸ் என்ற தரவுத் தொகுப்பு 2007 இல் 18 முதல் 96 வயதுவரையான 416 பேரின் படங்களைத் திறந்துவிட்டது. ஃபிரீசேர்ஃபர் என்ற இலவச மென்பொருள் அவற்றிலிருந்து மடல் மடலாகக் கனவளவு எடுத்துத் தரும். லினக்ஸ் போட்ட ஒரு மடிக்கணினியும் பொறுமையும் போதும். கிளிநொச்சி அறிவியல் நகரில் படிக்கிற ஒரு பிள்ளை விடுதி அறையில் இருந்தே செய்யலாம். ஒரு மூளை ஓடி முடியப் பல மணித்தியாலம் எடுக்கும், அதனால் இரவில் ஓடவிட்டுப் படுங்கள். அதற்கு முதல் அன்றைக்கு மின்வெட்டு ஏதும் அறிவித்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.